டர்போ எஸ்டீமில் அட்ஜஸ்டபிள் ஃபியூல் ரெகுலேட்டர் பூட்டுவது பற்றி

அஸ்தம்பட்டியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பழைய மாருதி எஸ்டீம், கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரில் ஓடும் எம்பிஎஃப்ஐ வண்டி. சின்ன டர்போ, பூஸ்ட் (டர்போ கூடுதலாக அமுக்கும் காற்றழுத்தம்) 7 பிஎஸ்ஐ, கம்பெனி கம்ப்யூட்டரின் சிக்னலைத் திருத்தும் பிக்கிபேக் கம்ப்யூட்டர் ஒன்று. இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்ப்பும் கம்பெனி போட்டதுதான். சேலத்துக்குள் குறையில்லாமல் ஓடுகிறதாம். ஏற்காடு மலையில் பத்தாவது வளைவு தாண்டியதும் இழுவை குறைகிறது, மேலும் மிதித்தால் நாக்கிங் (கலவை தாறுமாறாக எரிவதால் வரும் தட்டுச் சத்தம்) கேட்கிறது. 'அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டர் போட்டு பிரஷரை ஏற்றிவிடு' என்று நண்பர் சொல்கிறார். வீட்டிலேயே பூட்டலாமா, எத்தனை பிஎஸ்ஐ வைக்கலாம் என்பது கேள்வி.

தம்பி, முதலில் ஒன்றைச் செய்யுங்கள். அந்த நாக்கிங் கேட்கும் வரை மிதிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பூஸ்ட்டில் பெட்ரோல் போதாமல் நாக்கிங் வருகிறது என்றால் பிஸ்டன் ஓட்டையாக ஒரு மலையேற்றமே போதும். மற்றதை நிதானமாகப் பார்ப்போம்.

ரெகுலேட்டர் செய்யும் வேலை என்ன என்பதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். அது இன்ஜெக்டரின் முன்பக்கம் இருக்கும் பெட்ரோல் அழுத்தத்துக்கும், பின்பக்கம் மேனிஃபோல்டுக்குள் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) இருக்கும் காற்றழுத்தத்துக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை எப்போதும் ஒரே அளவில் பிடித்து வைக்கும் சாமான். உள்ளே ஒரு டயாஃப்ரம். அதன் ஒரு பக்கம் பெட்ரோல், மறு பக்கம் ஸ்பிரிங்கும் மேனிஃபோல்டில் இருந்து வரும் வாக்யூம் ஹோஸும். அழுத்தம் கூடினால் டயாஃப்ரம் விலகி, மிஞ்சிய பெட்ரோலை ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திருப்பி அனுப்பும். அட்ஜஸ்டபிள் என்றால் அந்த ஸ்பிரிங்கை மேலிருந்து ஒரு திருகால் இறுக்கவோ தளர்த்தவோ முடியும், அவ்வளவுதான் வேறுபாடு. பூஸ்ட் 1 பிஎஸ்ஐ ஏறினால் பெட்ரோல் அழுத்தமும் 1 பிஎஸ்ஐ ஏறும். இதை உங்கள் வண்டியில் இருக்கும் கம்பெனி ரெகுலேட்டரும் செய்கிறது.

இப்போது உங்கள் நண்பர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்ஜெக்டர் வழியே போகும் பெட்ரோல், அழுத்தம் கூடுகிற அளவுக்கு நேராகக் கூடாது. அதன் வர்க்கமூலத்துக்குத்தான் கூடும். 3 பாரில் (1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ) இருந்து 3.5 பாருக்கு ஏற்றினால் 8 சதவீதம் கூடுதல் பெட்ரோல். 4 பாருக்கு ஏற்றினால் 15 சதவீதம். 7 பிஎஸ்ஐ பூஸ்ட்டுக்குச் சூட்டைக் கழித்தாலும் ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். அதை அழுத்தத்தால் மட்டும் கொடுக்க வேண்டுமானால் 5.9 பார் வைக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் கம்பெனி பம்ப் தள்ளும் அளவு பாதாளத்துக்குப் போய்விடும், இன்ஜெக்டர் ஊசியும் ஒழுங்காகத் திறக்காது. ஆக, திருகைத் திருப்பி சின்ன இன்ஜெக்டரைப் பெரிய இன்ஜெக்டர் ஆக்க முடியாது. பூஸ்ட் 1 பிஎஸ்ஐ ஏறினால் பெட்ரோல் அழுத்தம் 4 பிஎஸ்ஐ ஏறும்படி செய்த ரெகுலேட்டர்களும் உண்டு. கம்ப்யூட்டரைத் தொட வழியில்லாத காலத்தில் அதை வைத்துத்தான் டர்போ வண்டிகளை ஓட்டினார்கள். இன்று அதை நான் யாருக்கும் பூட்டித் தருவதில்லை. கலவை எப்போது எவ்வளவு ஏறும் என்பது ஒரு ஸ்பிரிங்கின் கையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படியானால் மலையில் மட்டும் ஏன்? உயரத்தில் காற்று குறைவு, அதனால் பெட்ரோலும் குறைகிறது என்று சிலர் சொல்வார்கள். காற்று குறைந்தால் இன்ஜினுக்கு வேண்டிய பெட்ரோலும் குறையும், பற்றாக்குறைக்கு அது காரணம் ஆகாது. கோரிமேட்டில் இருந்து அடிவாரம் வரை நீங்கள் எத்தனை விநாடி முழு மிதியில் இருப்பீர்கள்? ஐந்து, ஆறு. கொண்டை ஊசி தொடங்கிய பிறகு செகண்ட் கியரில், மெதுவான வேகத்தில், நீண்ட நேரம் பூஸ்ட்டிலேயே இருக்கிறீர்கள். ரேடியேட்டரில் காற்று குறைவு, இன்டேக் சூடாகிறது, பம்ப்பும் ஒயரும் சூடாகின்றன, பெட்ரோல் அழுத்தம் மெல்ல இறங்குகிறது. என் ஊகம் இதுதான். ஊகத்தை அளந்து உறுதி செய்துகொண்டு பிறகு பணம் போடுங்கள்.

அளக்க ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்கள், 0 முதல் 100 பிஎஸ்ஐ வரை காட்டுவது. ஃபில்டருக்கும் ரெயிலுக்கும் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) இடையே டி போட்டு மாட்டலாம். ஓடும்போது பார்க்க வேண்டுமானால் எலக்ட்ரிக் சென்சார் வைத்து ஒயர் மட்டும் உள்ளே வர வேண்டும். பெட்ரோல் ஓடும் டியூபை எந்தக் காரணத்துக்காகவும் டேஷ்போர்டுக்குள் கொண்டு வராதீர்கள். ஐடிலில் வாக்யூம் ஹோஸைக் கழற்றினால் கேஜ் கிட்டத்தட்ட 3 பார், அதாவது 43.5 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். 7 பிஎஸ்ஐ பூஸ்ட்டில் அது 50.5 ஆக ஏறி அங்கேயே நிற்க வேண்டும். பூஸ்ட் ஏற ஏற முள் இறங்கினால் பம்ப், ஃபில்டர், ஒயர் மூன்றில் ஒன்று. பம்ப் கனெக்டரில் இன்ஜின் ஓடும்போது வோல்ட் பாருங்கள். 13.5 பக்கம் இல்லாமல் 11.5 காட்டினால் பேட்டரியில் இருந்து நேராகத் தடித்த ஒயர், ரிலே, ஃப்யூஸ் போட்டு இழுங்கள். ரெகுலேட்டரே வாங்காமல் இத்தோடு சரியான வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். முள் கொண்டை ஊசியில் திரும்பும்போது மட்டும் சட்டென்று விழுந்து எழுந்தால் அது வேறு: டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்து ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. பாதி டேங்குக்கு மேல் வைத்துக்கொண்டு மறுபடியும் பாருங்கள்.

சரி, அளந்தாயிற்று, பெரிய இன்ஜெக்டரும் பெரிய பம்ப்பும் போடப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டர் தேவைப்படும். மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப்பின் மிச்சத்தைத் திருப்பி அனுப்பக் கம்பெனி ரெகுலேட்டரின் வாய் பற்றாது. அதோடு, இன்ஜெக்டர் எந்த அழுத்தத்தில் அளக்கப்பட்டதோ அதே அழுத்தத்தைத் துல்லியமாக வைத்தால் கம்ப்யூட்டரில் கணக்கு சுலபமாகும்.

உங்கள் எஸ்டீம் ரெயிலில் இருந்து டேங்குக்குத் திரும்பும் குழாய் உள்ள வண்டி, அதனால் பிரச்சினை இல்லை. இதே கேள்வியைப் புதிய ஸ்விஃப்ட் வைத்திருப்பவர் கேட்டால் பதில் மாறும். அவற்றில் ரெகுலேட்டர் டேங்குக்குள் பம்ப்போடு இருக்கும், ரிட்டர்ன் லைன் கிடையாது, மேனிஃபோல்டு அழுத்தத்துக்கான திருத்தத்தை இன்ஜின் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். அங்கே வாக்யூம் ஹோஸ் வைத்த ரெகுலேட்டரைப் பூட்டினால் ஒரே திருத்தம் இரண்டு தரம் நடந்து கலவை கெடும்.

வீட்டில் பூட்டலாம். ஆனால் மூடிய ஷெட்டில் வேண்டாம், வாசலில், நிழலில், இன்ஜின் ஆறிய காலை நேரத்தில். பக்கத்தில் பவுடர் தீயணைப்பான். சூடாகும் குண்டு பல்பு விளக்கு கூடாது, எல்இடி டார்ச் போதும். பம்ப்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள், லைனில் இருப்பதை எரித்துவிட்டுத் தானாக நிற்கும். இன்னும் இரண்டு தடவை கிராங்க் செய்து, பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். அப்படியும் முதல் நட்டைத் திறக்கும்போது கொஞ்சம் பெட்ரோல் வரும், துணி சுற்றிக்கொண்டு திறக்கவும்.

கம்பெனி ரெகுலேட்டர் ரெயிலின் ஓரத்தில் இரண்டு சின்ன போல்ட்டில் இருக்கும். அதை எடுத்த இடத்தில் அடாப்டர் பிளேட் வர வேண்டும். ரெடிமேடாகக் கிடைக்காவிட்டால் பழைய ரெகுலேட்டரையே மாதிரிக்குக் கொடுத்து நல்ல லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து வாங்கலாம், சேலத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தின் ஆழத்தையும் வாயில் சிறு சாய்வையும் மட்டும் வலியுறுத்திச் சொல்லுங்கள். சாய்வு இல்லாமல் கூராக இருந்தால் உள்ளே தள்ளும்போது ஓ-ரிங்கை அது சீவிவிடும். ஒரு தடவை பிளேட்டை மாட்டிவிட்டு விரலைத் துடைக்கும்போது, நகத்துண்டு போல வளைந்த கறுப்பு ரப்பர் இழை ஒன்று விரலில் ஒட்டியிருந்ததைப் பார்த்து மறுபடி கழற்றினேன். ஓ-ரிங்கின் முதுகில் அதே அளவு வெட்டு. பூட்டியபடி விட்டிருந்தால் எக்ஸாஸ்ட்டுக்கு மேலேயே ஒழுகியிருக்கும். ஓ-ரிங்குக்கு இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு தடவி, திருகித் திருகி இறக்குங்கள்.

ரெயிலில் இருந்து வரும் லைன் ரெகுலேட்டரின் பக்கவாட்டு வாயில் சேரும், டேங்குக்குப் போகும் லைன் பெரும்பாலும் அடிவாயில். மாற்றிப் பூட்டினால் அழுத்தம் கட்டுக்குள் நிற்காது, அதனால் உங்கள் பாகத்தோடு வந்த படத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரெகுலேட்டரை ஃபயர்வாலிலோ (இன்ஜின் அறையின் பின்சுவர்) ஸ்ட்ரட் டவரிலோ பிராக்கெட் வைத்து இறுக்க வேண்டும், டியூபில் தொங்க விடக் கூடாது. டர்போவில் இருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. ஓ-ரிங் வைத்த ஃபிட்டிங்கிலும் கூம்பு முகம் வைத்த ஏஎன் ஃபிட்டிங்கிலும் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அந்த டேப் பிசிறு உள்ளே போய் ரெகுலேட்டரின் சீட்டில் உட்கார்ந்துகொண்டால் அழுத்தம் ஏறி இறங்கி விளையாடும். கேஜ் பூட்டும் அந்தச் சின்ன என்பிடி மரைக்கு (கூம்பாகக் குறுகும் மரை) மட்டும் பெட்ரோல் தாங்கும் சீலன்ட் தடவுங்கள்.

டியூப் விஷயத்தில் காசு பார்க்காதீர்கள், தம்பி. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எஸ்டீம் காலத்து ரப்பரை அது உப்ப வைத்து, பிறகு விரிசல் விட வைக்கும். பழைய ரப்பர் லைன்களை இந்த வேலையோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று மேலே அச்சடித்த டியூப், அல்லது உள்ளே பிடிஎஃப்இ (டெஃப்லான்) வைத்த பின்னல் டியூப். ரெகுலேட்டரின் டயாஃப்ரமும் எத்தனால் தாங்குவதாக இருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எட்டு வருடம் முன்பு நானே பூட்டிய ஒரு வண்டியில் ரிட்டர்ன் லைனுக்குத் திருகு கிளாம்ப் போட்டேன். ஊரில் ஒரு வாரம் ஓட்டினோம், ஈரமே இல்லை. மலையில் 60 அடி பாலம் தாண்டியதும் பெட்ரோல் வாசனை. நிறுத்தி பானட்டைத் திறந்தால் ஃபயர்வாலில் மேலிருந்து கீழாக ஒரு ஈரக்கோடு, சூட்டில் ஓரம் காய்ந்துகொண்டே இருக்கிறது, நடுவில் புதிதாக ஊறுகிறது. புது ரப்பர் சூட்டில் இளகி உட்கார்ந்ததில் கிளாம்ப் லூசாகியிருந்தது. வண்டியில் அவருடைய குழந்தைகள் இருந்தார்கள். அன்றிலிருந்து முதல் சூடு ஏறி ஆறிய பிறகு ஒவ்வொரு கிளாம்ப்பையும் மறுபடி பார்க்காமல் நான் வண்டியைக் கொடுப்பதில்லை. அழுத்தம் உள்ள இடங்களில் இப்போது திருகு கிளாம்ப்பே போடுவதில்லை, முழுவட்டமாகக் கவ்வும் போல்ட் கிளாம்ப்தான்.

வாக்யூம் ஹோஸை த்ராட்டிலுக்குப் பின்னால், மேனிஃபோல்டின் பெரிய அறையில் இருந்து தனியாக எடுங்கள். பிரேக் பூஸ்டர் லைனில் டி போடாதீர்கள், அங்கே ஒருவழி வால்வ் இருக்கும், பூஸ்ட் ரெகுலேட்டருக்கு வந்து சேராது. இரண்டு முனையிலும் கேபிள் டை இறுக்குங்கள். இந்தச் சின்ன ஹோஸ் பூஸ்ட்டில் கழன்றால் இன்ஜெக்டருக்கு இருபுறமும் உள்ள வித்தியாசம் 43.5-ல் இருந்து 36.5 ஆகும், சரியாகத் தேவைப்படும் நேரத்தில் 8 சதவீதம் பெட்ரோல் காணாமல் போகும்.

செட்டிங். ஸ்டார்ட் செய்யும் முன் திருகை நன்றாகத் தளர்த்திவிடுங்கள். பேட்டரியை மாட்டி, சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து பம்ப்பை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளை டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் பேப்பரில் தெரியும். இன்ஜின் ஓடும்போது வாக்யூம் ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு, திருகை வலப்பக்கம் கால் கால் சுற்றாக இறுக்கி 43.5-க்குக் கொண்டு வாருங்கள். லாக் நட்டை இறுக்கும்போது முள் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ நகரும், அதனால் இறுக்கிய பின் மறுபடி பாருங்கள். ஹோஸை மாட்டினால் முள் 7 முதல் 10 பிஎஸ்ஐ வரை இறங்க வேண்டும். திருகை முழுக்கத் தளர்த்தியும் இறங்க மறுத்தால், ஹோஸ் மாட்டினாலும் கழற்றினாலும் அசையாமல் நின்றால், ரெகுலேட்டரைக் குறை சொல்லாதீர்கள். பழைய ரிட்டர்ன் குழாய் பெரிய பம்ப்புக்குப் பற்றவில்லை, பெரிதாக்க வேண்டும். ஹோஸைக் கழற்றும்போது அதன் வாயில் பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, வண்டியை நகர்த்தாதீர்கள்.

ரெகுலேட்டரின் தலையில் கேஜ் பூட்டினால் ஒரு சங்கதி. கிளிசரின் நிரப்பிய கேஜ் பானட் சூட்டில் உள்ளே காற்று விரிந்து, உண்மையை விடக் குறைத்துக் காட்டும். சித்திரை வெயிலில் சேலம் நெரிசலில் நின்ற பிறகு அதைப் பார்த்து, அழுத்தம் விழுந்துவிட்டது என்று திருகை இறுக்குபவர்கள் இருக்கிறார்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்த்த அளவே கணக்கு.

இன்னொரு குழப்பம் நம் மலைக்கே உரியது. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். ஒரு முறை சேலத்தில் ஐடிலில் 34 பிஎஸ்ஐ காட்டிய வண்டியை ஏரிக்கரையில் நிறுத்தி, அரை மணி ஆறவிட்டு, பானட்டைத் திறந்து பார்த்தால் 36. கூட வந்தவர் பதறிவிட்டார். கேஜ் வெளிக்காற்றை வைத்து அளக்கிறது. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு, ஆனால் ஐடிலில் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் காற்று கிட்டத்தட்ட அதே அளவுதான். அதனால் வாக்யூம் குறைந்து தெரிகிறது, ரெகுலேட்டர் இறக்கும் அளவும் இரண்டு பிஎஸ்ஐ குறைகிறது. இன்ஜெக்டர் உணரும் வித்தியாசம் இரண்டு இடத்திலும் அதே 43.5. ஹோஸைக் கழற்றிக் காட்டினேன், முள் 43.5-க்கு வந்து நின்றது. மேலே போய்த் திருகைத் தொடாதீர்கள்.

அழுத்தத்தை வைத்த பிறகு கலவையைத் திருத்துவது கம்ப்யூட்டரில்தான். புது இன்ஜெக்டரின் அளவையும் அது திறக்க எடுக்கும் நேரத்தையும் இந்த அழுத்தத்துக்குரியபடி கொடுத்து, எக்ஸாஸ்ட்டில் வைக்கும் வைட்பேண்ட் சென்சாரில் லாம்டா (சரிவிகிதக் கலவை 1, அதற்குக் கீழே போனால் பெட்ரோல் அதிகம்) பார்த்து மேப் எழுத வேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற பழைய எண்ணை மறந்துவிடுங்கள், 20 சதவீத எத்தனாலுக்குச் சரிவிகிதமே 13.5 பக்கம். லாம்டாவாகப் பார்த்தால் இந்தக் குழப்பம் இல்லை. முழு பூஸ்ட்டில் 0.80 ஒட்டி வைத்துத் தொடங்கலாம். இதை டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே உருளைகளில் ஓட்டி அளக்கும் மேடை) செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பங்கள் ஏறி இறங்கும் இருபது கொண்டை ஊசி வளைவு அதற்கான இடம் இல்லை. கம்பெனி அமைப்பை மாற்றிய வண்டி பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறது; மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவையும், இன்ஷூரன்ஸ் என்ன ஆகும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு தொடருங்கள். ஓட்டிப் பார்க்கும் ஆசைக்குக் கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையம் ரேஸ் டிராக் இருக்கிறது.

எதுவும் வாங்கும் முன் மூன்று எண்களை எடுத்து அனுப்புங்கள்: ஐடிலில் ஹோஸ் மாட்டியபடி எவ்வளவு, ஹோஸைக் கழற்றி எவ்வளவு, இன்ஜின் ஓடும்போது பம்ப் கனெக்டரில் எத்தனை வோல்ட். பூஸ்ட்டில் எவ்வளவு என்பதை இப்போதைக்கு நீங்கள் எடுக்க வேண்டாம், அதை டைனோவில் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.